ஒன்பதாவது சரணம்

சேசு மரி சூசை துணை

கண்டமங்கலம்
20-2-1999

அன்புள்ள ராயப்பன் தம்பிக்கு,

அண்ணி இன்னாசியம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் அண்ணனுக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் சம்சாரம் ஜெர்லினுக்கு என்று, வறுத்துத் தின்ன அரை மூட்டை மல்லாட்டை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் மூட்டை அவளுக்குத்தான்.

இனி கோபத்துக்கு வருகிறேன். போன வருஷம் கம்பெனி வேன் கவிழ்ந்து செத்த ஒன்பது பெண்களைப் பற்றி நான் கட்டிய பாட்டை, வருஷப் பூசைக்கு அச்சடிக்கத்தான் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். எழுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொன்னேன். நீங்கள் தமிழ் வாத்தியார் அல்லவா, பரீட்சைத் தாளைப் போல மூன்று பக்கமும் சிவப்பாக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

சீர் குறைகிறதாம். அது தபசுக்காலத்தில் சேசுவின் பாடுகளுக்குப் பாடுகிற ஒப்பாரி மெட்டு, தம்பி. சீர் குறைகிற இடத்தில்தான் நாங்கள் குரலை இழுப்போம். கோயிலில் முழங்காலில் நின்று ஒரு தரம் பாடிப் பாருங்கள். அப்புறம், எதுகைக்கு ஒத்துவரவில்லை என்று ஜெயம் என்ற பெண்ணின் பேரை அமுதா ஆக்கியிருக்கிறீர்கள். பெற்றவள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாளே, அவளிடம் யார் பதில் சொல்வது?

ஒவ்வொரு சரணமும் ‘போன பொண்ணு வரலியே’ என்று முடிவது கூறியது கூறல் என்னும் குற்றமாம். ஏழு இடத்தில் அடித்துவிட்டு இரண்டில் விட்டிருக்கிறீர்கள். ஒன்பது வீட்டிலும்தான் வரவில்லை. எந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் நான் அழ வேண்டும், சொல்லுங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒன்பதாவது சரணம் என் மகள் வெனிலாவுக்கு. மற்றவர்களுக்கெல்லாம் வீட்டை விட்டுப் புறப்பட்ட கதை இரண்டு வரி உண்டு. அவளுக்குக் கடைசி வரி மட்டும்தான். நான் மறந்துவிட்டதாக நினைத்து நீங்களே எழுதிச் சேர்த்தீர்கள்:

அன்னம் ஊட்டி அனுப்பிய தாயின்
கன்னம் தொட்டுக் கையசைத் தேகினாள்

எதுகை, மோனை, சீர் எல்லாம் சரி. உங்கள் அண்ணன் வாசித்துவிட்டு அழுதார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் ஊட்டவில்லை. அன்றைக்குத் தலைவலி, லீவு போடுகிறேன் என்றாள். “தினம் உன்னோட இதே பேஜாரு. வேன் வந்துக்கினு இருக்குது, ஜல்தி கெளம்புடி” என்று விரட்டினேன். கஞ்சியைத் தொடாமல் போனாள். திரும்பிப் பார்க்கவுமில்லை. இதை உங்கள் அண்ணனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. கோயிலில் எல்லாரும் அந்தப் பொய்யைப் பாட, நான் எப்படி வாயைத் திறப்பேன்?

அச்சுக்கோர்த்திருந்தாலும் அந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

மாதா உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல சுகம் தரட்டும். சின்னவள் தலை வலிக்கிறது என்று சொன்னால், அதை நம்பும்படி ஜெர்லினிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
இன்னாசியம்மாள்