நிற்காத பெடல்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து சாரல். சைக்கிள் வேலை முடிந்தது. கழற்றியவை: ஏழு கியரையும் மாற்றும் சமாச்சாரம், கேபிள், பின் பிரேக். செயினில் ஒரு துண்டு மிச்சம். லேத்துப் பட்டறை அண்ணன் பின்சக்கரத்து ப்ரீவீலை வெல்டிங் அடித்துக் கொடுத்தார். இனி சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். டிக்டிக் சத்தமும் கிடையாது. பூனை மாதிரிப் பின்னால் போய்க் கத்தலாம்.

கியரும் இல்லை, கியாரண்டியும் இல்லை.

அண்ணன் சொன்னது: "ஏலே, இறக்கத்துல கால ஓயப் போட்டுராத. தூக்கி எறிஞ்சுரும்."

ஜூலை 6, ஞாயிறு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மிதி மிதி என்று மிதித்தேன். சர்ச் முடிந்து என் வகுப்பு ஜெபா வந்தான். செண்பகத்தோப்பு ரோடு. ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். மேலே போனதும், "ஒரு ரவுண்டு குடுல" என்றான்.

பெடல் விஷயம் சொல்லவில்லை. சொன்னது இது: "மிதிச்சு வேகம் எடுத்துட்டுக் கால ஓய விட்டுரு. சொகமா இருக்கும்."

நான் கீழே போய், போனில் வீடியோ.

ஓய விட்டான். பெடல் விடவில்லை. ஹேண்டில் பாருக்கு மேலே பறந்தான்.

அவன் முகத்தைத் தூக்கும்வரை சிரித்தேன். மேல்வரிசை முன்பல் இல்லை. சரளைக்கல்லில் தேடிப் பாதி கிடைத்தது.

வீட்டில் அவனே சொன்னான்: "நாந்தாம்மா பிரேக்க இறுக்கிப் பிடிச்சுட்டேன்." நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நீ கூட இருந்தியோ, எம்புள்ள தப்பிச்சான்."

டீ கொடுத்தார். குடித்தேன். எப்படிக் குடித்தேன்?

ஜூலை 7, திங்கள்

காற்று. வகுப்பு லீடர் ஜெபாதான். அட்டெண்டன்ஸ் எடுத்தான். காற்று புகும் வாயில் 'ச' வரவில்லை.

"தரவணன்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வேறொருவன் பல் என்றால் ஒரு வருடத்துக்கு ஓட்டியிருப்பேன். ஆனால் அது என் பெயர். "உள்ளேன்" சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மதியம் அவனே: "அப்பா இனி சைக்கிளத் தொடக்கூடாதுன்னுட்டாரு. ஓட்டத் தெரியாதவனாம்."

ஜூலை 9, புதன்

வீடியோ மொத்தம் பதினான்கு விநாடி. விழுவது மூன்று. மிச்சம் பூராவும் என் சிரிப்பு. அழிக்கப் போய், அழிக்கவில்லை.

சாயங்காலம் லேத்து. பழையபடி ஆக்க முடியுமா?

"ஒட்டுனது ஒட்டுனதுதாம்ல. புது ப்ரீவீல் வாங்கு."

கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை.

ஜூலை 10, வியாழன்

சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். பெடல், வெல்டிங், "சொகமா இருக்கும்", எல்லாம். போனைக் கொடுத்தேன்.

இரண்டு தடவை பார்த்தான். அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்போ நான் தரியாத்தான் ஓட்டிருக்கேன்."

அம்புட்டுதான். வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். அப்பாவிடம் காட்டவாம். போய்விட்டான்.

ஜூலை 14, திங்கள்

வெயில். ஜெபா பல் கட்டி வந்திருக்கிறான். சைக்கிளிலேயே வந்தான்.

அட்டெண்டன்ஸ். சங்கர், சண்முகம், சதீஷ். ஒரு 'ச' கூடப் பிசகவில்லை. அடுத்து நான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரோல் நம்பர் இருபத்தேழு."

"உள்ளேன்."