பாட்டில் இல்லாத கைதட்டல்

தாளக்காரா,

எங்கள் பல் டாக்டர் கிளினிக்குக்குச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டார், காலையிலேயே ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டுமாம். முட்டை அவித்து வைத்திருக்கிறேன். உரிக்கச் சோம்பல்பட்டு வெறும் காபியோடு ஓடாதே. குழாய் ரிப்பேர்காரர் வருவார், சாவியை மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

நேற்றைய சண்டை இன்னும் முடியவில்லை. நம் இருவருக்கும் பிடித்த இசைக்குழுவிடம் எத்தனையோ மெல்லிய பாட்டு இருக்க, தாளத்துக்குப் பொத்தான் அழுத்துகிற உன் கேமுக்கு அந்த டமடமப் பாட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய்.

காலையில் உன் லேப்டாப்பில் அதை விளையாடிப் பார்த்தேன். நடுவில் மூன்று கைதட்டல் வருகிறதே, அந்த இடத்தில் திரையைப் பார்க்காமலே பொத்தானை அழுத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. "பரவாயில்லையே நம்ம கை" என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. பதிவான பாட்டில் அங்கே கைதட்டலே கிடையாது! அன்று அவர்கள் கச்சேரியில் கூட்டம் தட்டியது அது. அப்போது முன்பின் தெரியாத நீ, பக்கத்தில் நின்று என் காது கிழியத் தட்டியது. அதை நினைவில் வைத்தே பொத்தான் போட்டிருக்கிறாய், மடையா.

விளையாடுகிறவர்கள், "சத்தமே இல்ல, எதுக்கு அமுக்கணும்?" என்று திட்டித் தீர்ப்பார்கள். இன்று ஆபீசில் கொடுப்பதற்கு முன் அந்த மூன்று பொத்தானையும் எடுத்துவிடு.

உப்பு மேல்தட்டில் இருக்கிறது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: மூன்றையும் எடுக்காதே. ஒன்றை மட்டும் விட்டுவை. ஊரே அதைத் தவற விடட்டும். நான் விடமாட்டேன்.