மூக்கில் பிடித்த முடிச்சு

29-3-1953, குருத்து ஞாயிறு

இராயபுரத்தில் கேமரா வைத்திருக்கும் கயிற்றுக்காரன் இன்று முதல் நான் ஒருவன்தான். ஹார்பரிலேயே என்று எழுதலாம். மதராஸிலேயே என்றும் எழுதலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

ஜெர்மன் கப்பல் கேப்டன் என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கி, இப்படி முடிச்சுப் போடுகிறவனை ஏழு கடலிலும் பார்த்ததில்லை என்று சொல்லி — சரி, கேப்டன் இல்லை. சமையல்காரர். நான் பின்னிய கயிற்று ஊஞ்சல் அவருக்கு வேண்டியிருந்தது. பதிலுக்கு இரண்டு கேமராவை எடுத்து வைத்து, எது வேண்டும் என்று கையைக் காட்டினார். ஒன்று கறுப்புப் பெட்டி. திருப்ப எதுவும் கிடையாது, குழந்தைகூட அமுக்கலாம். மற்றது மடக்குக் கேமரா. மூடியைத் திறந்தால் ஆர்மோனியம் போலத் துருத்தி வெளியே வருகிறது. கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். அதில் 1, 2, 3, 4, 5, 10 என்று எண்கள்.

பெட்டியோடு போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களா? மடக்கைத்தான் எடுத்தேன்.

தங்கை அடைக்கலமேரியின் புருஷன் செல்வநாதன், அதே கப்பலில் மூட்டை தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன், கேட்டான்: "சுலபமானத வுட்டுட்டு இத்த இன்னாத்துக்கு மச்சான் எட்த்தே?"

"சுலபமானது என் கைக்கு அடங்காதுடா."

1-4-1953

வளையத்து எண்கள் தூரக் கணக்கு. எதிரில் நிற்பவர் எவ்வளவு தூரமோ அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும். கயிற்றுக்காரனுக்குத் தூரம் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இருபது வருஷமாக அப்படித்தான் அளக்கிறேன். ஜெர்மன்காரனும் கப்பல் ஓட்டுகிறவன்தானே. பாகம்தான் போட்டிருப்பான்.

12-4-1953, ஞாயிறு

தங்கை மகள் ஆலிஸுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. ஸ்டுடியோக்காரர் தேவப்பிரியத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் இருக்கும்போது அவர் எதற்கு? கோயில் வாசலில் மூன்று பாகம் அளந்து நின்றேன், வளையத்தை 3-இல் வைத்தேன், எட்டுப் படமும் எடுத்தேன். முந்நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். முப்பதுக்குக் குறையாது.

15-4-1953

எட்டும் புகை. ஆலிஸுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை.

அடைக்கலமேரி படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, கொய்ந்த பேய் மாரி கீது," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. புதுநன்மை ஒரு தடவைதான். என்னை நானே கேட்டுக்கொண்டேன்: இன்னாத்துக்குடா சிலுவமுத்து உனுக்கு இந்த ஜம்பம்?

16-4-1953

பிலிமைக் கழுவிய தேவப்பிரியம் திருநெல்வேலிக்காரர். எப்படி எடுத்தேன் என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாகமாவே? பாகம்னு எந்தப் பாவி சொன்னான் உமக்கு? இது மீட்டர்வே!"

மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவருடைய அளவுநாடாவை இழுத்துக் காட்டினார். நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு மறுகையை நீட்டிப் பார்த்தேன். மூக்கிலிருந்து விரல் நுனி வரை — கச்சிதமாக ஒரு மீட்டர்! அதாவது, ஜெர்மன்காரன் என் உடம்பை அளந்துதான் கேமரா செய்திருக்கிறான்.

18-4-1953

கேமராவில் ஒரு மெல்லிய கயிறு கட்டினேன். மீட்டருக்கு ஒரு முடிச்சு, மொத்தம் ஐந்து. எதிரில் நிற்பவர் முடிச்சை மூக்கில் பிடிக்க வேண்டும். எத்தனையாவது முடிச்சோ அந்த எண். பிறகு கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

ஹார்பர் கேட்டுக்கு வெளியே காட்டினேன். எங்கள் மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா நைனா, போட்டா புடிக்க வந்தியா, மாடு கட்ட வந்தியா?"

27-4-1953, திங்கள்

செல்வநாதன் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து எல்லாம் மேலிருந்து விழுந்தன. யார் மேலும் விழவில்லை, மாதாவே. ஆனால் மேஸ்திரி, "விஞ்ச வெட்டி இய்த்துட்டான், அதான் அறுந்துச்சு," என்று எழுதிக்கொடுத்துவிட்டார். செல்வநாதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த திங்கள் விசாரணை. பழி நின்றால் ஹார்பரில் எவனும் அவனை விஞ்சில் ஏற்ற மாட்டான்.

சங்கிலியில் அறுந்த வளையத்தை நான் பார்த்தேன். உள்ளே முழுக்கத் துரு. அது பழைய விரிசல். சங்கிலிகளைச் சோதிக்க வேண்டியவர் அதே மேஸ்திரிதான். எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவன் கேட்டான்:

"போன மாசம் சுறாவ வெறுங்கைல புடிச்சேன்னு சொன்னியே, அது மாரியா மாமு?"

சுறா விஷயம் பொய்தான். இது நிஜம்டா!

28-4-1953

அறுந்த சங்கிலி, ஷெட்டுக்குப் பின்னால் இரும்புக் குப்பையில் கிடந்தது. ஹார்பருக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது. மடக்கினேன், சோற்றுத்தூக்குக்குள் போட்டேன், மூடினேன். பெட்டிக் கேமரா இப்படிப் போகுமா?

கேட்டில் இருந்தவர், "இன்னா கொயம்பு?" என்றார். "வஞ்சிரம்," என்றேன்.

முதல் முடிச்சை அறுந்த வளையத்தின்மேல் வைத்தேன். கேமரா வளையத்தை 1-இல் வைத்தேன். சவரக் கண்ணாடியைச் செங்கல்மேல் சாய்த்து வெயிலை உடைப்பின்மேல் திருப்பினேன். பக்கத்துச் சங்கிலி வளையத்தில் அடித்திருந்த 47 என்ற சங்கிலி எண்ணும் தெரியும்படி வைத்தேன். கேமராவை ஒரு கயிற்றுச் சுருளின்மேல் அசையாமல் நிறுத்தி, மூச்சைப் பிடித்து அமுக்கினேன். மூன்று படம்.

பகல் முழுக்கப் பட்டினி. பசியே தெரியவில்லை.

30-4-1953

தேவப்பிரியம் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். உடைப்பில் முக்கால்வாசி கறுத்த துரு. ஓரத்தில் மட்டும் நகக்கீற்று போலப் புது இரும்பு மின்னுகிறது. 47 கண்ணில் குத்துகிறது. "இது ஸ்டுடியோ வேலைவே," என்றார். அவர் வாயால்!

குப்பையைப் போய்ப் பார்த்தேன். சங்கிலி அங்கே இல்லை.

3-5-1953, ஞாயிறு

அடைக்கலமேரி சொன்னாள்: "அண்ணே, நாளிக்கு நீ வாயே தொறக்கக் கூடாது. நீ பேசினா படமும் பொய்யாப் பூடும்." சுருக்கென்றது. சரி என்றேன்.

4-5-1953, திங்கள்

ஜெயித்தாயிற்று!

மேஸ்திரி, சங்கிலி புதுசு, அறுந்த துண்டு கடலில் விழுந்துவிட்டது என்றார். செல்வநாதன் படத்தை மேஜையில் வைத்தான். விசாரிக்க வந்த இஞ்சினியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லி 47-ஐத் தேடினார். அன்று அந்த விஞ்சுக்குக் கொடுத்தது அதே சங்கிலி. சோதித்த தேதி எழுதும் இடம் காலி.

"இதை எடுத்தது யார்?"

கையைத் தூக்கினேன்.

"எண்ணெல்லாம் தெரிகிறதே, எப்படி இவ்வளவு தெளிவாக எடுத்தாய்?"

சொல்வதற்கு நாக்கின் நுனியில் நூறு கதை துடித்தது. பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். ஒரு முனையை மேஜைமேல் வைத்து, முதல் முடிச்சை மூக்கில் பிடித்துக் காட்டினேன். அவ்வளவுதான்.

10-5-1953, ஞாயிறு

செல்வநாதன் புதன்கிழமையே விஞ்சில் ஏறிவிட்டான். சோதனையில் இன்னும் பதினொரு சங்கிலிகளைக் கழித்துப் போட்டார்கள். நூறு என்று வெளியில் சொல்லியிருக்கிறேன்.

இன்று ஆலிஸ் மறுபடி வெள்ளை கவுன் போட்டாள். பூமுடி, மெழுகுவத்தி எல்லாம் அப்படியே. இரண்டாவது முடிச்சை அவளே மூக்கில் பிடித்துக்கொண்டு, "வுடட்டா மாமா?" என்றாள். தேவப்பிரியம் சாயங்காலமே கழுவிக் கொடுத்தார். அவள் இமைமுடியை எண்ணலாம். அடைக்கலமேரி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

விசாரணையில் நான் ஒரு மணி நேரம் பேசி இஞ்சினியரையே மடக்கினேன் என்று இராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.