நிலைப்படியில் அடித்த ஆணி

12.6.1983, ஞாயிறு

வீடியோ கடையில் பேய்ப்படம் எடுத்து வந்தது என் தப்புத்தான். மகள் இறந்த இந்த மூன்று மாதமாகக் கமலா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பயத்திலாவது என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன்.

படத்தில் செத்துப்போன பிள்ளை வந்து கதவைத் தட்டியது. அப்பன்காரன் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

"நீங்களும் இதானே செஞ்சீங்க?" என்றாள் கமலா.

பதினாறாம் நாள், மகள் திரும்பி வராமலிருக்க, பூசாரியை வைத்து நிலைப்படியில் ஆணி அடித்தேன். அவளுக்குத் தெரியாது என்றிருந்தேன்.

எழுந்துபோய்ச் சுத்தியல் எடுத்து வந்து அந்த ஆணியைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு சித்தியவான்ல அண்ணே வீட்டுக்குப் போறேன். புள்ள வந்தா, நீங்களே பதில் சொல்லுங்கலா."

கமலா தூங்கிவிட்டாள். வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. சாத்த மனசு வரவில்லை.