இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உனக்கு இருந்த இரண்டு சூக்கேடும் எனக்கும் இருக்கிறது. இதயத்துக்குப் போகிற குழாய்களில் அடைப்பு, வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனியில் வீக்கம். கூடப்பிறந்தவர்களும் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று நீ போன பிறகு டாக்டர் சொன்னார். அப்படித்தான் தெரிந்தது. அப்பா சொத்துகூட நமக்கு இவ்வளவு சமமாகப் பிரியவில்லை.

எதை முதலில் செய்வது என்பதுதான் டாக்டர்களுக்கே குழப்பம். தமனியில் கை வைத்தால் இதயம் தாங்காமல் போகலாம். இதயத்தைச் சரிசெய்துவிட்டுக் காத்திருந்தால் தமனி வெடிக்கலாம். உனக்கு பைபாஸ் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த மாதமே வயிற்றுக்கு வரச் சொன்னார்கள். மகள் கல்யாணம் கழியட்டும் என்றாய்.

"போன்ல சொன்னா ஆராவது வருவினுமா? பெண்ணுக்க அப்பன் படி ஏறி விளிக்காண்டாமா?" என்று அழைப்பிதழ் கட்டோடு குழித்துறை முழுக்க பைக்கில் அலைந்தாய். முதுகு வலித்ததற்கும் பைக்கைத்தான் குறை சொன்னாய். கடைசியில் தமனி வெடித்து மாமா வீட்டு வாசலில் விழுந்தாய். நீ விளித்த அத்தனை பேரும் வந்தார்கள், கல்யாணத்துக்கு அல்ல. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

இப்போது என் மகன் கட்டிய வீட்டுக்குப் பால்காய்ப்பு வருகிறது. "அது கழிஞ்சு ஆபரேஷன் செய்தா போராதா? நல்லாத்தானே நடக்குதிய?" என்கிறாள் என் மனைவி லீலா.

"எனக்க அண்ணனும் நல்லாத்தானேட்டி நடந்தான்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

திருவனந்தபுரத்து டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நடுவில் என்னை வீட்டுக்கு விடாதீர்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். பைபாஸ் முடிந்து கொஞ்சம் தெம்பு வந்ததும், அங்கேயே வைத்து, தொடை வழியாக வீக்கத்துக்குள் ஸ்டென்ட் குழாய் வைப்பார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன்.

பயமாக இருக்கிறது அண்ணா. உனக்கும் இருந்ததா? கல்யாணத்தைச் சாக்காக வைத்துக்கொண்டாயா?

பால்காய்ப்பைத் தள்ளி வைத்தாயிற்று. இந்த முறை எல்லோருக்கும் போன்தான், முகம் கோணுகிறவர்கள் கோணட்டும். மூத்தவனை மட்டும் நேரில்தான் விளிக்க வேண்டும். இரண்டு காயமும் ஆறியபின், ரப்பர் தோட்டத்தில் உன்னை அடக்கிய இடத்துக்கு நடந்தே வந்து விளிக்கிறேன். அதுவரை என்னைப் பார்க்க அவசரப்படாதே.

படி ஏறி வரப்போகும் உன் தம்பி,
செல்வன்