தட்டான் உட்கார்ந்த ஜாடி

என் அருமை அண்ணாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுத எனக்கு வாய்க்கவே இல்லை. ஆபீஸ், அங்கிருந்து மாடம்பாக்கத்தில் உன் வீடு, அப்புறம் பொழிச்சலூரில் என் வீடு. தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்று நின்றே கால் வீங்கிவிட்டது. அலுப்பாக இருக்கிறது, அண்ணா. இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார்?

அண்ணிக்குப் பார்வை போய்விட்டது. சர்க்கரைதான் காரணம். ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிகிறதாம். தனியாக விட மனசு வராமல் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் ஜாடிகளைத்தான் கொண்டுவர முடியவில்லை. என் வீட்டில் இடம் ஏது? உன்னைப் போலவே பழைய கண்ணாடி ஜாடிகள் சேர்க்கிற ஒருவர் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வரச் சொல்லிவிட்டேன். கோபமா?

வீட்டைக் காலி செய்த அன்று அவர் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றும்போது அண்ணி, "விமலா, ஒரு தடவ என் கையில குடேன்" என்றார்கள். அல்லிப்பூ ஜாடியைத் தடவிவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். திராட்சைக்கொடி போட்டதையும் அப்படியே. உயரமான பச்சை ஜாடி வந்ததும் விரல் நின்றுவிட்டது. கண்ணாடி மேல் எனாமலைத் தீட்டிச் சூளையில் சுட்டதால் படம் மேடாக நிற்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாயே, அந்த மேட்டிலேயே விரல் ஊர்ந்தது.

"இது நாணல் மாதிரி கீழேர்ந்து வருது. இது… தட்டான்பூச்சி இல்ல? றெக்கைல நரம்பு கூட இருக்கே!"

நான் களைத்துப் போயிருந்தேன். "அண்ணி, சார் வெயிட் பண்றார்" என்றேன்.

"இருடி. இத்தனை வருஷம் உங்கண்ணாவைத் திட்டிக்கிட்டே இதுங்கள தொடைச்சேன். என்ன படம்னு ஒரு நாள் நின்னு பாத்ததில்ல. இப்பதான் பாக்கறேன்."

வந்தவர் கையிலிருந்த துணியை மடித்துவிட்டார். "அம்மா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அது அண்ணியின் கட்டில் அருகில் இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போகும்போது மெல்ல அதிர்கிறது; அண்ணி கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, "றெக்கை என்ன கலர்டி?" என்று கேட்டார்கள். நீலம் என்றேன். சாயங்கால வெயில் விழுந்ததும் பார்த்தால் செம்பு மாதிரி மின்னியது. "அண்ணி, மாறிடுச்சு!" என்றேன். சிரித்துவிட்டார்கள். நீ போன பிறகு அவர்கள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அது மாறும் என்று உனக்குத் தெரியும்தானே? ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். நாங்கள்தான் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

இந்த அலுப்பு தீரும் என்று தோன்றவில்லை, அண்ணா. ஆனாலும் வேலை விட்டு வந்ததும் தோள்பையை இறக்கும் முன்பே, வெயிலிலோ ட்யூப்லைட்டிலோ, அன்றைக்கு அந்த றெக்கை என்ன நிறம் என்று அண்ணிக்குச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உன் தங்கை,
விமலா