கல்லடி வீட்டின் ஏணி

2009 கார்த்திகை, ஞாயிறு இரவு

சண்டை முடிந்ததால் வாடகைக்கு ஆட்கள் வருவார்கள் என்று நம்பிக் கல்லடிக் கடற்கரையோரம் விலைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். கொங்கிறீட் கூரையில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. கூரை ஒழுகுகிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று நினைத்தேன். குடியிருக்கும் பெண்ணிடம் விசாரித்தேன்.

"ஒழுக்கு இல்ல அண்ணன். கடல் வந்தா ஏறத்தான். சுனாமி வந்தண்டைக்கு எங்களிட்ட ஏணி ஒண்டும் இருக்கல்ல."

பிறகு அவள் கேட்டாள்.

"வாங்கினா நீங்க வந்து இருப்பீங்களோ?"

"இல்ல, வாடகைக்கு விடத்தான்."

நாளை முற்பணம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளை அங்கே ஓர் இரவுகூடப் படுக்க விடமாட்டேன். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. வாசலில் மூன்று சோடிச் சின்னச் செருப்புகள் கிடந்தன.